கடைமடைக்கு முதல் அழைப்பு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில்: எங்கள் தெருவில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் அனைத்திலும், சென்ற செவ்வாய்க்கிழமை முதல், மாலை நாலரை மணி சீரியல் ஆட்டமில்லாமல், கோடில்லாமல், கதாநாயகியின் கண்ணீர் சொட்டுச் சொட்டாக எண்ணும்படி தெரிகிறது. இந்த நற்செய்தியைக் கேட்டு எங்கள் தெருவில் யாரும் மகிழவில்லை.

முதல் நாள் அம்மா மட்டும் கொஞ்சம் மகிழ்ந்தாள். "இன்னிக்கு என்னமா தெரியுது பாரேன்" என்றாள். இரண்டு நிமிடம் கழித்து அவளே சத்தத்தைக் குறைத்துவிட்டு, "நாலரை ஆயிடுச்சேடா, அந்தப் பொண்ணு ஏன் இன்னும் ஆரம்பிக்கல?" என்று கேட்டாள். தேன்மொழி அக்கா தன் வீட்டு ஹாம் ரேடியோ செட்டில் பேசினால், அந்த அலை குறுக்கிட்டு எங்கள் படம் ஆடும். திங்கட்கிழமை காய்ச்சலோடு பேசினார், அன்றும் ஆடியது. செவ்வாய் காலை ஆட்டோவில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எங்களுக்குத் தெரியாது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அழுகுரல் எழுந்தது ஐந்து மணிக்கு மேல். அதற்கு அரை மணி முன்னாலேயே, ஆடாமல் நின்ற படம் எங்களுக்குச் செய்தியைச் சொல்லிவிட்டது.

நம் வானொலி வட்டத்தின் மாத இதழில் அக்காவைப் பற்றி எழுத என்னைக் கேட்டிருக்கிறீர்கள். ஏன் என்னை என்பது எனக்குத் தெரியும். புயலிலிருந்து ஹென்றியின் படகைக் காப்பாற்றிய பையன் நான். உங்களில் பலரிடம் நானே அதைச் சொல்லியிருக்கிறேன். சிலரிடம் இரண்டு முறை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

உங்களில் பெரும்பாலோர் அக்காவைக் காதால் மட்டுமே அறிந்தவர்கள். கண்ணால் அறியாதவர்களுக்காக: முப்பத்தெட்டு வயது, குள்ளம், காதோரம் எப்போதும் ஒரு பேனா. கட்சிக்காரரான அவருடைய அப்பா மாரிமுத்து ஆசையாகத் தேன்மொழி என்று பெயர் வைத்தார். பேசினால் மிளகாய்மொழி. பகலில் குத்தாலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரவுசிங் சென்டர் நடத்துவார். அங்கேயே வங்கக்கடலின் வானிலைப் படங்களை அச்செடுத்துக்கொண்டு நாலு மணி பஸ்ஸில் வீடு திரும்புவார். நாலரைக்கு, பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். எங்கே இருக்கிறாய், காற்று எப்படி, எல்லாரும் நலமா என்று கேட்டு, நாளைக்குக் காற்று எங்கிருந்து வரும் என்று சொல்வார். இதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. தொலைக்காட்சி பார்க்கிறவர்கள் திட்டு மட்டும் தவறாமல் தந்தார்கள்.

அக்கா கூப்பிடும் முறை உங்களுக்குத் தெரியும். குரல் நன்றாகக் கேட்கிறவர்கள் காத்திருக்க வேண்டும். யாருடைய குரல் மெலிந்து, இரைச்சலுக்குள் முங்கிக் கிடக்கிறதோ அவருக்குத்தான் முதல் அழைப்பு. "கடைமடைக்கு முதல்ல" என்பார். ஆற்றுத் தண்ணீர் தலைமடை வயல்களுக்கெல்லாம் பாய்ந்து, வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயலுக்கு வருவதற்குள் வற்றிவிடும். அக்காவின் வீட்டு வயல் அந்தக் கடைசி வயல். தண்ணீரில் நடக்காததை அவர் காற்றில் நடத்திக் காட்டினார். மூன்று தரம் கூப்பிடுவார். பதில் இல்லாவிட்டால் ஒரு நிமிடம் சும்மா கேட்டுக்கொண்டிருப்பார். மறுபடி மூன்று தரம். நாளடைவில் வெள்ளைக்காரர்களே, குரல் போகாத நாட்களில், "கடாய்மடாய், கடாய்மடாய்" என்று கத்தி முன்னுரிமை கேட்டார்கள். எனக்கு வாணலிதான் ஞாபகம் வரும்.

இந்த மரியாதைக்குரிய அலைவரிசையில் நான் முதன்முதலில் பேசியது ரேஷன் கடைப் பட்டியல். பதினைந்து வயதில், அக்கா தண்ணீர் பிடிக்கப் போன இடைவெளியில் ஜன்னல் வழியாக உள்ளே குதித்து, மைக்கை எடுத்து, வானிலை அறிக்கை வாசிக்கும் தோரணையில், "புழுங்கல் அரிசி இருபது கிலோ, சர்க்கரை இல்லை, மண்ணெண்ணெய் வியாழக்கிழமை" என்று ஆங்கிலத்தில் வாசித்தேன். ஒரு படகுக்காரர் அதைப் பொறுப்பாகத் திருப்பிச் சொல்லி, வியாழக்கிழமை என்பது எந்தத் தீவு என்று கேட்டார். அக்கா குடத்தோடு வாசலில் நின்றிருந்தார். அடிக்கவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, என் காதைத் திருகியபடியே மைக்கை நீட்டி, இருபது நாட்டு மாலுமிகளிடமும் மன்னிப்புக் கேட்க வைத்தார். "ஐ ஆம் த மங்கி" என்று தொடங்கச் சொன்னதும் அவர்தான்.

பிறகு என்னை உட்காரவைத்து ஒன்று சொன்னார். சுனாமிக்கு மறுநாள் அவர் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார். போன் வேலை செய்யாததால், காணாமல் போனவர்களின் பெயர்களை ரேடியோவில் வெளியூர்களுக்கு வாசிக்கும் வேலை. "மூணு நாள் பேர் வாசிச்சேன்டா. அந்தப் பேருக்கு யாராச்சும் இங்க இருக்கேன்னு சொல்ல மாட்டாங்களான்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிமிஷம் நிறுத்துவேன். அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியல" என்றார். நான் அதற்கும் ஏதோ ஒரு நக்கல் வைத்திருந்தேன். நல்ல வேளையாக வாய் வரவில்லை.

எங்கள் இரண்டு குடும்பங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தக் கடைமடை வயல் கோயில் நிலம். பதிவேட்டில் குத்தகைதாரர் என் அப்பா. இருபது வருடமாக உள்குத்தகைக்கு உழுதவர் மாரிமுத்து. குத்தகை என்ற சொல்லில் குத்தும் இருக்கிறது, கையும் இருக்கிறது. குத்து எங்கள் பக்கம், கை அவர்கள் பக்கம். அப்பா நிலத்தை விடச் சொன்னார், அவர்கள் மறுத்தார்கள், வழக்கு நடந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவரை அக்கா என்று கூப்பிட எங்கள் தெருவில் யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. நானாகத் தொற்றிக்கொண்ட பழக்கம் அது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மார்கழியில், நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அந்தத் தெருவே சாலை மறியல் செய்தது. அப்பா கொடுத்த புகாரில் எல்லாரையும் வேனில் ஏற்றி, வழக்கம்போல ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்தார்கள். மாலைக்கு மேல் விட்டுவிடுவார்கள் என்பது ஊருக்கே தெரியும். செல்போன்களை மட்டும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நான் வேடிக்கை பார்க்க சைக்கிளில் போனேன். ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. சும்மா இருந்திருக்கலாம்.

"மாப்பிள்ளை யாருக்கா?" என்றேன்.

"தெரியல. உங்கப்பாதான் பத்திரிகை அடிச்சாரு" என்றார்.

உள்ளே சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டு, சாப்பாட்டுப் பொட்டலம் சுற்றிய காகிதத்தில் எழுதிய ஆங்கில வரிகளைக் கம்பி வழியாக நீட்டினார். ஹென்றி என்கிற கிழவர், போர்ட் பிளேரிலிருந்து இலங்கையின் காலி துறைமுகத்துக்குத் தனியாக வந்துகொண்டிருந்தார். அன்று காலை எடுத்த படத்தில் அவருக்கு நேர் எதிரே ஒரு தாழ்வு மண்டலம் திரண்டிருந்தது. நேராக மேற்கே வந்தால் அதற்குள் போய் விழுவார். இன்று இரவே தெற்கே இறங்கிவிட வேண்டும். காகிதத்தில் இருந்தது அதுதான்.

"இது விளையாட்டு இல்லடா. மூணு தரம் கூப்பிடு. ஒரு நிமிஷம் காது குடு. அப்புறம் படி. அவர் திருப்பிச் சொல்ற வரைக்கும் எந்திரிக்காத."

எனக்கு லைசென்ஸ் இல்லையே என்றேன். உயிர் ஆபத்தில் யாரும் பேசலாம், பழி தன்மேல் என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் காவலர் ஒருவர் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டார்.

அக்காவின் வீடு திறந்தே கிடந்தது. நாலரைக்கு உட்கார்ந்தேன். மூன்று தரம் கூப்பிட்டேன். செட்டுக்குப் பக்கத்தில் ஒரு நூறு வாட்ஸ் பல்பு இருந்தது. நான் பேசப் பேச அது என் குரலோடு கூடிக் குறைந்து எரிந்தது. 'தெற்கே' என்று அழுத்திச் சொன்னால் பளீரென்றது. இவ்வளவு வெளிச்சமாகப் போகிற குரல் கடலுக்குப் போகாமலா இருக்கும்? நாற்பது நிமிடம் படித்தேன். கடைசியில், இரைச்சலுக்கு அடியிலிருந்து, ஹென்றி "ரோஜர்", செய்தி கிடைத்தது, என்றார். மைக்கை வைத்துவிட்டு எழுந்தேன். இதுதான் நீங்கள் கேட்ட கதை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா, இன்றைக்கு சீரியல் ஆடவே இல்லை என்றாள். ஏழு மணிக்குச் சற்று முன்பு, செய்தி நேரத்தில், படம் ஆடியது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்று எழுதினால் சரியாக இருக்கும்.

அடுத்த ஆறு நாள் ஹென்றியின் குரல் வரவில்லை. வெளியே மழை. அக்கா தினமும் நாலரைக்கு முதல் ஆளாக அவரைத்தான் கூப்பிட்டார். மூன்று தரம்; பிறகு அந்த ஒரு நிமிடம். நான் வாய்க்கால் மதகில் குடையோடு நின்று கேட்பேன். ஜன்னலிலிருந்து இரைச்சல் மட்டும் வரும். கொதிக்கிற எண்ணெயில் எதையுமே போடாமல் வைத்திருப்பதுபோல ஒரு சத்தம். அதற்குள் யாரோ மூச்சு விடுவதுபோல இருக்கும். ராத்திரி தலையணையில் காதை வைத்தாலும் அதே சத்தம் வந்தது. நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். அது வகுப்பில் பரபரப்புச் செய்தியாயிற்று.

நாலாவது நாள் அக்கா மதகுக்கு வந்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செய்தி போய்ச் சேந்துடுச்சுடா. எனக்குத் தெரியும். பேட்டரி போயிருக்கும். நீ போய்ச் சாப்பிடு" என்றார்.

ஏழாவது நாள் காலி துறைமுகத்திலிருந்து வேறொரு படகின் ரேடியோவில் ஹென்றி பேசினார். தண்ணீர் புகுந்து பேட்டரி செத்திருந்தது. தெற்கே இறங்கியதால் ஆள் பிழைத்திருந்தார். ஊருக்குள் நான் வீரன் ஆனேன். வானிலை அறிக்கை போய், என் நிலை அறிக்கையே தினமும் வாசிக்கப்பட்டது. அப்பாவால் பெருமையை உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக வாய்க்காலைத் தாண்டி மாரிமுத்து வீட்டுக்குப் போனார். "என் பையன் கப்பலையே காப்பாத்திட்டானாமே" என்று அக்காவிடம் கேட்டார். "ஆமா சார், நல்லாப் பேசினான்" என்று சொல்லி அக்கா டீ கொடுத்தார். அடுத்த வாய்தாவில் வழக்கை அப்பா வலியுறுத்தவில்லை. பதிவேட்டில் மாரிமுத்துவின் பெயரை ஏற்றச் சம்மதம் என்று வாய்மொழியாகச் சொன்னார். கையெழுத்து மட்டும் பாக்கி இருந்தது.

அக்காவின் அடக்கம் முடிந்த மறுநாள் நான் அங்கே போனேன். மாரிமுத்து செட்டை அணைக்காமல் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். நாலரை ஆனதும், செய்தி தெரியாத படகுகள் அக்காவைக் கூப்பிட்டன. மூன்று தரம், ஒரு நிமிடம், மறுபடி மூன்று தரம். அக்காவின் வழக்கத்திலேயே அக்காவைக் கூப்பிட்டார்கள். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர். மாரிமுத்துவுக்கு ஆங்கிலம் தெரியாது, மகளின் பெயர் மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அவர் கேட்டுக்கொண்டதால், செட்டை நம் வட்டத்திடம் ஒப்படைக்கும் முன் அக்காவின் குறிப்பேடுகளை அடுக்கினேன். அந்த மார்கழி நாளின் பக்கம் அங்கே இருந்தது. யாரோடு எத்தனை மணிக்குப் பேசினார் என்பதெல்லாம் ஆங்கிலத்தில். ஓரத்தில் மட்டும் தமிழ்: "மாலை 6.50: ஹென்றி முதல் அழைப்பிலேயே வந்தார். நாலரையிலிருந்து காத்திருக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை என்றார். செய்தி கொடுத்தேன். பல்பு இன்னும் சூடாக இருக்கிறது. பையன் அதில்தான் பேசியிருக்கிறான். சொல்ல வேண்டாம்."

வெளியே போகும்போது இடிக்குப் பயந்து அக்கா செட்டை ஆண்டெனாவிலிருந்து பிரித்து, சோதனைக்கு வைத்திருந்த அந்தப் பல்பின் பக்கம் சுவிட்சைத் திருப்பி வைப்பாராம். பேசுவதெல்லாம் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே எரிந்து தீர்ந்துவிடும். நான் நாற்பது நிமிடம் ஒரு பல்புக்குப் புயல் எச்சரிக்கை கொடுத்திருக்கிறேன்.

அப்பா கையெழுத்துப் போடும் வரை பொறுத்திருக்கலாம் என்று முதலில் தோன்றியது. எனக்கு அந்த மாதிரி யோசனைகள் சீக்கிரம் வரும். இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்து, மூன்றாம் நாள் காலையில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்பா."

"ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான் உன் பெருமையைப் பேசத்தான் அங்க போனேன். நான் குடுத்த புகார்ல வேன்ல ஏத்தின பொண்ணு, எனக்கு டீ போட்டுக் குடுத்துச்சு. நான் குடிச்சேன். கேஸு அங்கயே முடிஞ்சுபோச்சு, நீ என்னவோ உன்னாலன்னு நெனச்சுட்டு இருக்கே." திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டார். மாரிமுத்து வந்து நின்றார். இருவரும் அக்காவின் பெயரைச் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று குறிப்பேட்டிலும் இல்லை, அக்காவுக்கும் தெரியாது. அந்த "ரோஜர்". எனக்குக் கால் மரத்துவிட்டது, பயமாக இருந்தது, வீட்டுக்குப் போக வேண்டும்போல இருந்தது. ஹென்றி திருப்பிச் சொல்லும் வரை எழுந்திருக்காதே என்று அக்கா சொல்லியிருந்ததால், அந்தச் சொல்லை நானே மெல்லச் சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஆகவே, நீங்கள் தவறான ஆளிடம் கட்டுரை கேட்டுவிட்டீர்கள். அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது குறிப்பேட்டின் ஓரத்திலிருந்த அந்த இரண்டு சொற்கள் மட்டும்தான். சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தார். அதையும் சொல்லிவிட்டேன்.