நனைக்காமல் தைத்த போர்வை

நேற்றுத் தைத்து முடித்த போர்வை இன்று பாழாகிவிட்டது.

மகள் நாளை ஊட்டி ஹாஸ்டலுக்குக் கிளம்புகிறாள். அங்கே குளிருமே என்று, தளவாய்புரத்தில் நைட்டி தைத்து மிஞ்சியதென்று வாங்கிப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த துண்டுகளை எல்லாம் எடுத்து ஒட்டுப்போட்டேன். கனத்துக்கு உள்ளே நாலு மடிப்பு பேண்டேஜ் துணி வைத்தேன். நான் வேலை பார்க்கும் ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில் மிச்சம் விழுந்ததைக் கேட்டு வாங்கிய துணி.

காலையில் ஒருமுறை அலசி மொட்டைமாடியில் காயப்போட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் நாலு பக்கமும் சுருங்கிக் கிடக்கிறது.

பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஜெயராணி அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, பேண்டேஜ் துணிய நனைச்சுக் காயப்போட்டுட்டுல்லா தைக்கணும். அங்கதான வேல பாக்க, இதுகூடத் தெரியாதா?"

தெரியாது. கம்பெனியில் நாங்கள் அதை வெட்டுவோம், சுருட்டுவோம், பாக்கெட்டில் போடுவோம். ஒருமுறை கட்டிவிட்டுத் தூக்கி எறியும் துணியை யார் துவைத்துப் பார்த்தது?

மகள் படுத்து, போர்த்திப் பார்த்தாள். கழுத்தை மூடினால் பாதம் வெளியே நின்றது.

"இருக்கட்டும்மா. நான் கால மடக்கிப் படுத்துக்கிடுதேன்."

அதைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் ஒற்றை அறை வீட்டில், பிறந்ததிலிருந்து அவள் காலை மடக்கித்தான் படுக்கிறாள். அங்கே போயாவது நீட்டிப் படுக்கட்டும் என்றுதான் இதைத் தைத்தேன்.

பெட்டியில் இனி ஒரு துண்டுகூட இல்லை. சுருங்கியதை நீட்ட வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முதலிலேயே நனைத்திருக்கலாமே என்பவர்கள், ஜெயராணி அக்காவுக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள்.