மாற்றி எழுதிய கடல் கணக்கு

என் பெரிய பேரன் பாங்கு வேலைக்குத் தேறிவிட்டான். பேத்தி பள்ளியிலேயே முதல் மார்க். சின்னவன் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கியிருக்கிறான். இதையெல்லாம் என் கொழுந்தனார் வேலுச்சாமிக்கு எழுதி, 'தம்பி, புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடுங்க' என்று முடிக்கும்போது கொட்டாம்பட்டியிலிருந்து தந்தி வந்தது. அவர் போய்விட்டார். கடிதம் அப்படியே நின்றுவிட்டது.

கொட்டாம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் கணக்குப் படித்த உங்களுக்கு அவரைக் கோபக்கார வாத்தியாராகத் தெரியும். வழியைப் போடாமல் விடையை மட்டும் திருத்தி எழுதியவனைப் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவார். காரணம் எனக்குத் தெரியும்.

டாக்டர் பட்டத்துக்குப் படித்தபோது அவர் மதுரையில் எங்கள் வீட்டில் இருந்தார். அந்தமான் தீவுகளுக்குக் கிழக்கே உள்ள கடல்தான் அவர் பாடம். அதைத் தாளில் மேல், நடு, அடி என்று மூன்று பெட்டிகளாகப் பிரித்து, சூடும் உப்பும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வருடாவருடம் எவ்வளவு போகும் என்று நூறு வருடத்துக்குக் கையாலேயே கணக்குப் போட்டார். நான் வாசிப்பேன், அவர் சரிபார்ப்பார். என் ஐந்தாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும்.

"தம்பி, அடிப்பெட்டிச் சூடு ஏறிக்கிட்டே வருது. ஒரு வருசம்கூட இறங்கல."

"எம்புட்டு?"

"துளித்துளியாத்தான். ஆனா நிக்கல."

"மதனி, நீங்க பரீட்சை அதிகாரியா வந்தா ஒரு பய தேறமாட்டான்" என்று சிரித்தார். பிறகு பேனாவை மூடிவிட்டார்.

அவருடைய பேராசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆழத்துத் தண்ணீர் மாறாது, பிழையைத் திருத்திக் கொண்டு வா என்றார். இவர் மாதக்கணக்கில் தேடியும் பிழை அகப்படவில்லை. அவருக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டாரோ பட்டம் வரட்டும் என்று காத்திருந்தார்கள்.

"அவரு சொன்னபடி மாத்திக் குடுத்துருங்க தம்பி. கடல் வந்து கேக்கவா போகுது?" என்றேன்.

"கேக்காது மதனி. அதான் பயமா இருக்கு."

மாற்றினார். பட்டம் வந்தது, கல்யாணமும் நடந்தது. கடல் கணக்கை மட்டும் அவர் மறுபடி தொடவில்லை. போன சித்திரைத் திருவிழாவுக்கு வந்தபோது, "கணக்கு தப்பா, கடலே மாறுதான்னு பாக்காமயே தூக்கிப் போட்டுட்டேன் மதனி" என்றார். காப்பி கலக்கப் போவதுபோல் நான் உள்ளே போய்விட்டேன்.

அவர் தூக்கிப் போட்ட பழைய தாள்களை, கணக்கை மாற்றிய அன்றைக்கே பொறுக்கி என் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். அவரிடம் சொன்னதே இல்லை. சொன்னால் மறுபடி ஆரம்பிப்பார், வீட்டில் நிம்மதி போகும் என்று பயந்தேன்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அதுதான். உங்களில் யாராவது வாங்கிப் போய் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். தப்பென்றால் என்னிடம் வந்து சொல்லுங்கள். சரியென்றால் அவர் பெயரில் வெளியிடுங்கள். மாற்றச் சொன்னவள் மதனி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.