ஞானவேலின் பாஸ்வேர்டு

பேய், ஆவி, காத்து கருப்பு என்று யாராவது என் கடைக்குள் நின்று பேசினால், வெளியே போய்ப் பேசு என்று சொல்லுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். இதை எழுதுவதால் எனக்குப் புதிதாக நம்பிக்கை வந்துவிட்டது என்று எவனும் நினைக்க வேண்டாம். நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான். நம்ப முடியவில்லை என்றால் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். சர்ட்டிபிகேட்டுக்கு எழுதிப் போடுவது, கரன்ட் பில் கட்டுவது, ஜெராக்ஸ், கூடவே ரிப்பேர். ரிப்பேர்தான் அதிகம், ஏனென்றால் இந்த ஊர்க் காற்று மெஷினைத் தின்றுவிடும். கீபோர்டைக் கழற்றினால் உள்ளே வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். மழைக்காலத்தில் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு, ஆள் தொடாமலே எழுத்து அடிக்க ஆரம்பிக்கும். வெளியூர்க்காரன் பார்த்தால் அலறுவான். நாங்கள் நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்துத் திரும்ப மாட்டிவிடுவோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கடைசியில் சொல்லப்போகிற காரணம் இதுதான் என்று எனக்குத் தெரியும்.

என் கடையில் இருக்கிற எல்லா மெஷினிலும் லினக்ஸ்தான், விண்டோஸ் கிடையாது. காசு கொடுத்து வாங்க வேண்டிய சிஸ்டத்தை இந்த ஊரில் எவனும் வாங்குவதில்லை, திருட்டுக் காப்பி போட்டு வைரஸ் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து நிற்பான். லினக்ஸ் போட்டுத் தருகிறேன், சும்மாவே கிடைக்கிறது, பாட்டு கேட்கலாம், படம் பார்க்கலாம், லெட்டர் அடிக்கலாம், கேம்கூட ஓடும் என்றால் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்ப்பான். எதிர்க்கடை பாபு எனக்கு வைத்த பெயர் "ஓசி சிஸ்டம்". நான் சொன்னதைக் கேட்டு ஆசையாக வீட்டில் வைத்துக்கொண்டவன் இந்த ஊரில் ஒருத்தன்தான். ஞானவேல்.

என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ஆரோவில்லில் ஒரு மரப்பட்டறையில் தச்சு வேலை. அங்கே ஒரு வெள்ளைக்காரர் குப்பையில் போட வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, பைக்கில் கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தான்.

"மச்சான், எம் பொண்ணுக்கு. எப்பிடியாவது ஓட வெச்சிக் குடுத்துடு."

ஓட வைத்தேன். லினக்ஸ் போடும்போது டிஸ்க்கை முழுசாகப் பூட்டி வைக்கட்டுமா என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் டிக் போட்டால், ஒவ்வொரு தடவை மெஷினைப் போடும்போதும் பாஸ்வேர்டு கேட்கும், அது இல்லாமல் உள்ளே இருப்பதை எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. வீட்டில் புள்ளை விளையாடுகிற மெஷினுக்கு அது எதற்கு? ஒன்றுக்கும் இல்லை. பாபு எதிரில் நின்றுகொண்டிருந்தான், அவனுக்குக் காட்ட வேண்டும் என்கிற திமிர். டிக் போட்டேன். "பெருசா வைடா, எவன்கிட்டயும் சொல்லாத, எங்கிட்டயும் சொல்லாத, எங்கியும் எழுதியும் வைக்காத" என்று உபதேசம் வேறு பண்ணினேன். அந்த டிக் போட்ட கை இந்தக் கைதான்.

ஞானவேலுக்கு டைப் அடிக்க வராது. உளி பிடித்த கை, ஒற்றை விரலால் குத்துவான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சத்தம் கேட்கும். வேகமாக நாலு குத்து, ஒரு நிறுத்தம், அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி, கடைசி எழுத்துக்கு முன்னால் ஒரு பெருமூச்சு, கடைசியில் என்டரில் ஓங்கி ஒரு அடி. "டேய், ஆணி அடிக்கிறியா?" என்று கேட்பேன்.

அவன் மகள் பாரதிக்கு அப்போது ஐந்து வயசு. ஒரு கார் ரேஸ் கேம் போட்டுக் கொடுத்தேன், அதுவும் சும்மா கிடைப்பதுதான். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் ஓட்டலாம். ஞானவேலுக்கு லீவு நாள் என்றால் அப்பனும் மகளும் காலையிலிருந்து அதிலேயே கிடப்பார்கள். அவன் பெண்டாட்டி தேவகி உப்பளத்தில் வேலை, விடியும் முன்னே போனால் மத்தியானம்தான் வருவாள். பாரதி ஜெயித்த ரேஸை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று அடம் பிடித்ததால், திரையில் ஓடுவதையும் ரூமில் பேசுவதையும் சேர்த்துப் பதிவு செய்கிற சாஃப்ட்வேர் ஒன்றையும் போட்டுக் கொடுத்தேன். அதில் கார்தான் தெரியும், புள்ளை முகம் தெரியாது. குரல் மட்டும் கேட்கும்.

அடுத்த வருஷம் பாரதி காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து நாள். அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

அதற்கடுத்த வருஷம் ஞானவேல். வேலை முடிந்து வரும்போது கீழ்புத்துப்பட்டு வளைவில் லாரி. பைக், போன், ஹெல்மெட் எல்லாம் நொறுங்கிவிட்டது.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து தேவகி கடைக்கு வந்தாள். ஆட்டோவில் கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"அண்ணா, இதுல எம் பொண்ணு கொரல் இருக்குது. அதை மட்டும் எடுத்துக் குடுங்க."

"நீ பாத்திருக்கியாம்மா அந்த வீடியோல்லாம்?"

"இல்லைண்ணா." கம்ப்யூட்டர் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். "அளத்துலேர்ந்து வந்தா கால் எரிச்சல் தாங்காது. 'அம்மா வா, பாரு'ன்னு இழுக்கும். நாளைக்குப் பாக்குறேன்டின்னு சொல்லிட்டுப் படுத்துடுவேன். ஒண்ணுகூட பாக்கலை."

அவளிடம் இருந்தது பட்டன் போன். ஸ்கூலில் எடுத்த போட்டோ இரண்டு இருக்கிறது, குரல் எங்கேயும் கிடையாது. அவளுக்காகவே பதிந்து வைத்தது மொத்தமும் அந்த டிஸ்க்கில், என் பூட்டுக்குள்ளே.

இரண்டு மாதம் முயற்சி செய்தேன். பாரதி பெயர், தேவகி பெயர், அய்யனார், கல்யாணத் தேதி, பைக் நம்பர். தானாகவே ஒவ்வொரு வார்த்தையாகப் போட்டுப் பார்க்கிற மாதிரி புரோகிராம் எழுதி ராத்திரி பகலாக ஓட விட்டேன். ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொள்ளும்படி வேண்டுமென்றே செய்து வைத்திருக்கிறார்கள், திருடன் திறக்கக் கூடாதாம். யாருக்குப் போன் போடுவது? இதற்கு முதலாளியும் கிடையாது, ஆபீஸும் கிடையாது. அதுதான் இதன் பெருமை என்று நானே நூறு பேரிடம் பேசியிருக்கிறேன்.

பாபு வந்து எட்டிப் பார்த்தான். "ஏம்பா, ஓசியில பூட்டத் தெரிஞ்சுது, ஓசியில தொறக்கத் தெரியலியா?"

"போடா அந்தாண்ட" என்றேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், முடியாது என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும், ஆனால் பொழுது சாய்ந்த மாதிரி இருட்டிக்கொண்டு கிடந்தது. அளமெல்லாம் முழுகி, வரப்பு எது பாத்தி எது என்று தெரியாமல் ஒரே தண்ணீர். கம்ப்யூட்டரை உரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் தேவகி மட்டும்தான். அந்த மாதங்களில் அளத்தில் வேலை கிடையாது.

சொன்னேன். என்னால் முடியவில்லை, தப்பு என் மேல்தான் என்றேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரிண்ணா. அது இருந்த எடத்துலயே மாட்டி வெச்சிடுங்க. பாத்துக்கினாவது இருக்கேன்."

ஜன்னல் ஓரத்தில் அவனே செய்த மேஜை. மானிட்டர், மவுஸ், அவனுடைய பழைய கீபோர்டு எல்லாம் மாட்டிப் போட்டுவிட்டேன். பாஸ்வேர்டு கேட்கிற பெட்டி வந்து நின்றது. தேவகி டீ போட அடுப்புப் பக்கம் போனாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பினபோது பெட்டியில் நாலு புள்ளி இருந்தது. பாஸ்வேர்டு அடித்தால் எழுத்து தெரியாது, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புள்ளி விழும். உப்பு என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். எரிச்சலோடு அழித்துவிட்டு, கீபோர்டு ஒயரைப் பின்பக்கத்திலிருந்து பிடுங்கினேன். கழுவி எடுத்துக்கொண்டு வரலாம் என்று மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுபடி நாலு புள்ளி. வேகமாக.

அப்புறம் ஒரு நிறுத்தம்.

அப்புறம் ஒவ்வொன்றாக, தேடித் தேடி. உப்பு ஏறிய கீபோர்டை ஆயிரம் பார்த்திருக்கிறேன், அது ஒரே எழுத்தை விடாமல் அடித்துக்கொண்டே போகும், நிறுத்தி யோசித்து அடிக்காது. கீபோர்டு என் மடியில் இருந்தது, ஒயரின் முனை என் இடது கையில் இருந்தது. கடைசிப் புள்ளிக்கு முன்னால் நீண்ட நேரம் ஒன்றும் விழவில்லை. கடைசியில் ஒன்று விழுந்தது. பெட்டி மறைந்தது. டிஸ்க் திறந்துகொண்டது.

கையை எதிலும் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து பின்பக்கம் முழுக்கத் தடவிப் பார்த்தேன். கரன்ட் ஒயர், மானிட்டர் ஒயர், மவுஸ். வேறு ஒன்றும் இல்லை.

"தொறந்துக்கிச்சாண்ணா?" தேவகி டீ டம்ளரோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

"ஆமா" என்றேன்.

பதினொரு வீடியோ இருந்தது. முதலாவதைப் போட்டேன். சிவப்புக் கார் ஒன்று மரத்தில் மோதித் திரும்புகிறது. "அப்பா இடிக்காத! இடிக்காதன்றேன்ல!" என்று கத்தல், ஞானவேல் சிரிப்பு. கடைசியில், "அம்மா, பாத்தியா? நாந்தான் ஃபர்ஸ்ட்டு!"

தேவகி தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பாத்தேன்டி" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னொரு வாட்டி போடுங்கண்ணா" என்றாள்.

எல்லாவற்றையும் பென் டிரைவில் காப்பி எடுத்துக் கொடுத்தேன். மெஷினை நிறுத்தினால் திரும்பத் திறக்காது என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் எப்படித் திறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. "இனிமே தானா தொறந்துக்கற மாதிரி செட் பண்ணிட்டேம்மா" என்று பொய் சொன்னேன். கீபோர்டைக் கழுவித் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கழுவினேன், காய வைத்தேன். திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. வீடியோ பார்க்க மவுஸ் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மெஷின் திறக்கவில்லை என்று அடுத்த நாளே வருவாள் என்று பயந்துகொண்டு இருந்தேன். வரவில்லை. ஒரு மாதம் கழித்து பஜாரில் பார்த்தபோது அவளே சொன்னாள், "நீங்க சொன்ன மாதிரியே தானா தொறந்துக்குதுண்ணா. தெனம் காலையில போட்டுட்டு வாசல் தெளிச்சிட்டு வந்தா, தொறந்து நிக்குது." நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நான் எதையும் செட் பண்ணவில்லை. அந்த வீட்டில் கீபோர்டே கிடையாது.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. எந்தக் காரணம் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்த எல்லாக் காரணத்தையும் நானே யோசித்துப் பார்த்துவிட்டேன். ஆனால் போன வாரம் தேவகி ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏண்ணா, முன்னெல்லாம் ஒரே வாட்டியில தொறந்துடுவாரு. இந்த மாசம் பூரா மொத வாட்டி தப்பாப் போடுறாரு. நேத்து மூணாவது வாட்டிதான் சரியாச்சு. மறந்துக்கினு வர்றாரோ?"

மூன்று தடவை தப்பானால் அந்தப் பெட்டி அதற்கு மேல் இடம் கொடுக்காது, கருப்புத் திரையில் போய் நின்றுவிடும், நிறுத்தித் திரும்பப் போட வேண்டும் என்று மட்டும் எப்படியோ சொன்னேன்.

"போடுறேன்ணா" என்றாள். காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, குடையை விரித்தாள். "அவசரமில்லை, நிதானமா யோசிச்சிப் போடுங்கன்னு நானும் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கினுதான் இருக்கேன்."