காரணம் போடாத மீட்டிங்

எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி வேலையெல்லாம் வியட்நாமுக்குப் போகப்போகிறது என்று வதந்தி கிளம்பியதும் முதலில் ஆடிப்போனது நான்தான். அருள்புரத்தில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் தட்டும் ஐம்பதை நெருங்கிய ஆள் நான். பனியன் யூனிட் வைத்திருக்கும் மைத்துனரிடம் வேலையே கேட்டுவிட்டேன். "பனியன்ல நூல் பிசிறு வெட்டத் தெரியுங்களா மச்சான்?" என்றார். தெரியாது. யூடியூபில் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் காலை எச்.ஆரிடமிருந்து அழைப்பு வந்தது: மதியம் மூன்று மணிக்கு வீடியோ மீட்டிங். காரணம் போடவில்லை. அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தபோது என் டீமிலிருக்கும் கோகிலா போன் செய்தாள். அவளைப் பேச விடாமல் புலம்பித் தீர்த்தேன்.

"அழுவாதீங்கண்ணா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. மொதல்ல சாப்புடுங்க" என்றாள்.

மூன்று மணிக்குக் கேமரா முன் உட்கார்ந்தேன்: மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. எச்.ஆர். வாய் திறக்கும் முன்பே நன்றியுரை ஆற்றி விடைபெற்றேன். எச்.ஆர். பெண்மணி பொறுமையாகக் கேட்டார்.

"சார், நீங்க வேலையில இருக்கீங்க. கோகிலாவைத்தான் காலையிலயே அனுப்பிட்டோம். அவங்க வேலையையும் நீங்க பாக்கணும்."

துள்ளிக் குதித்தேன். லுங்கி அவிழ்ந்தது. அதைக் கட்டும்போதுதான் அந்தக் காலை போன் நினைவுக்கு வந்தது.

உடனே கோகிலாவைக் கூப்பிட்டேன். "ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தானுங்கண்ணா கூப்பிட்டேன். நீங்க அழுதீங்களே, எப்படிச் சொல்றது?" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

இப்போது யார் போன் செய்தாலும், "நீ மொதல்ல சொல்லு" என்கிறேன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளத்தான் இன்னும் பழகவில்லை.