சித்தப்பா வேனின் சிவப்பு விளக்கு

எங்கள் சித்தப்பா மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை ஏற்றும் வேனின் தலையில் ஒரு சிவப்பு விளக்கு சுழலும். கூட்டேரிப்பட்டுப் பக்கம் சாலையில் யார் அடிபட்டாலும் ஆம்புலன்சுக்கு முன்னால் அவர் போய் நிற்பார். விளக்கு அவர் ஆசைக்கு மாட்டியது. அவருக்கு ஆசை என்றால் எனக்குப் பேராசை. அது சுற்றச் சுற்ற இரண்டாம் வகுப்புக்காரி நான் பள்ளி வாசலில் இறங்கினால் கலெக்டர் தோற்றார்!

ஒருநாள் போலீஸ்காரர் நிறுத்தினார். "நல்லதுதான் பண்றீங்க. ஆனா சொந்த வண்டில இது கூடாதுங்க" என்றார். சித்தப்பா அங்கேயே கழற்றினார். நான் அன்று சோறே தொடவில்லை.

அந்த வாரமே, பள்ளி விட்டு என்னை அழைத்து வரும் வழியில் கூட்டம். லாரி ஒன்று பைக்கைத் தட்டிவிட்டுப் போயிருந்தது. சித்தப்பா இறங்கி ஓடினார். நாலைந்து பேர் ஒருவரைத் தூக்கிவந்து வேனின் பின்னால் கிடத்தினார்கள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் சித்தப்பா என் முகத்தை முன்பக்கம் திருப்பி, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைக் கையில் திணித்தார்.

"ஜன்னல் வழியா ஆட்டு. ஆஸ்பத்திரி வர்ற வரிக்கும் ஆட்டிக்கினே இரு. பின்னாடி மட்டும் திரும்பாத, என்னா?"

உயிருக்குப் போராடுகிறவரை ஏற்றிக்கொண்டு ஓடுகிற வண்டி என்பதற்கு எங்கள் சாலையில் அதுதான் அடையாளம். அடேயப்பா, என்ன மரியாதை! பஸ் ஒதுங்கியது, லாரி ஒதுங்கியது, விக்கிரவாண்டி டோல்கேட்டில் கட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். விளக்காவது, மண்ணாவது!

சித்தப்பாதான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே ஓட்டினார். எத்தனையோ பேரைக் கலங்காமல் ஏற்றிப் போனவர். விளக்கு போன துக்கம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன்.

"அழாத சித்தப்பா. விளக்கவிட நான் நல்லா ஆட்றேன்" என்று தைரியம் சொன்னேன்.

சில நாள் கழித்து, அப்பாவுக்குக் கால் உடைந்துவிட்டது என்று அம்மா என்னை அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். அப்பாவுக்குத் தலையிலும் கட்டு. நான் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருவரைக் காப்பாற்றிய கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அப்பா முழுக்கக் கேட்டார். என் கையைப் பிடித்துத் தடவினார்.

"கை வலிச்சிதாம்மா?"

அவர் கண்ணில் தண்ணீர். பாவம், கால் ரொம்ப வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஆள் பிழைத்தாரா என்று சித்தப்பாவிடம் கேட்டுவந்து சொல்வதாக அவருக்கு வாக்கும் கொடுத்தேன்.