அடிக்கிறவரும் பாடுறவரும்

வியர்வை ஊறிக் காய்ந்த தோலின் புளித்த மணம்தான் அன்று முதலில் கடைக்குள் வந்தது. அந்தத் தோற்சட்டையைக் கையில் பிடித்திருந்த ஆள் பிறகுதான் வந்தார். பாரிசின் லா சப்பலில் ஒரு சேலைக்கடையின் பின்பக்கத்தில் அம்மா பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் இல்லாத புதன்கிழமைகளில் அம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து படம் கீறுவேன். பிரெஞ்சு பேசுகிறவர்கள் வந்தால் அம்மாவுக்கு மொழிபெயர்ப்பேன்.

வந்தவர் தலை நரைக்கத் தொடங்கியிருந்த, உயரமான ஜெர்மன்காரர். கையில்லாத கறுப்புச் சட்டையைப் பட்டுத்துண்டுகளுக்கு நடுவே விரித்தார். முதுகு தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்திருந்தது. முந்தின நாள் வேறொரு ஊரில் மேடையில் கிழிந்தது என்று தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில் சொன்னார். இன்று இங்கே ஒரு மண்டபத்தில் பாட வேண்டுமாம். தெருவில் போகும்போது தையல் மெஷினின் சத்தம் கேட்டு உள்ளே வந்தாராம்.

"மெஷின் ஊசி உதுக்குத் தாங்காது எண்டு சொல்லு" என்றார் அம்மா. நான் சொன்னதும் அந்த மனிதரின் முகம் வாடியதைப் பார்த்து, "சரி, கையாலை தைச்சுத் தாறன். நாலு மணிக்குக் கொண்டுவாறம் எண்டு சொல்லு" என்றார்.

அம்மா எங்கே போவதற்குச் சம்மதிக்கிறார் என்பது அவருக்கே அப்போது விளங்கியிருக்காது. யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் வளர்ந்தவர் அவர். "முதல் குனி, பிறகு பார்" என்பது எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் கைகழுவுவது போன்ற ஒரு சட்டம். பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினான்காம் திகதி வாணவேடிக்கை தொடங்கினால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கலியாண வீடுகளில் ஒலிபெருக்கி இல்லாத மூலையைத் தேடி இருப்பார்.

தண்டவாளங்களுக்கு அப்பால் இருந்த அந்தப் பழைய மண்டபத்துக்கு நாங்கள் போனபோது பின்னேரக் கச்சேரிக்கு ஒத்திகை தொடங்கவிருந்தது. மேடையில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. கிற்றார் இல்லை, வாத்தியக்காரர் கூட்டம் இல்லை. வயர்கள் தொங்கும் ஒரு சாம்பல்நிற மின்னிசைப் பெட்டி, ஒரு மைக், டிரம்முக்குப் பின்னால் கட்டையான ஒரு மனிதர். "மற்ற ஆட்கள் எங்கே?" என்று பாடுறவரிடம் கேட்டேன். "இவ்வளவுதான்" என்றார். சட்டையைப் போட்டு, கைகளை உயர்த்தி, குனிந்து நிமிர்ந்து பார்த்தார். தையல் நிற்கிறதா என்று தெரிய ஒரு பாட்டு முடியும்வரை இருக்கச் சொன்னார்.

டிரம் அடிக்கிறவர் முதல் அடியை அடித்தார்.

அம்மா என் கழுத்தைப் பிடித்து அமுக்கிக்கொண்டு தரையில் குந்திவிட்டார். மண்டபத்தில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. அடிக்கிறவர் உடனே தடிகளைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் கூடிவிட்டதா, நிறுத்தட்டுமா என்று கேட்டார். நான் அதைச் சொன்னேன். அம்மா தரையில் இருந்தபடியே மூச்சு வாங்கினார்.

"நிப்பாட்ட வேண்டாமெண்டு சொல்லு. அடிக்க முதல் சொல்லிப்போட்டு அடிக்கச் சொல்லு."

நான் சொன்னதைக் கேட்டு அந்த மனிதர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, தடியை அம்மாவுக்குத் தெரியும்படி உயர்த்தி, ஜெர்மனில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று உரக்க எண்ணி, அடித்தார். பிறகும் எண்ணினார், பிறகும் அடித்தார். நாலாவது தரமோ ஐந்தாவது தரமோ அம்மா எழுந்து நின்றார். அப்போது அந்தச் சாம்பல்நிறப் பெட்டி தன் ஏழெட்டுச் சுரங்களைக் களைப்பே இல்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்க, அதன்மேல் டிரம் விழ, அதன்மேல் பாடுறவர் கட்டளைகள் போன்ற குறுஞ்சொற்களை வீச, தரை அதிர்ந்து என் பற்கள் அதிர்ந்தன. என் அம்மா, ஒரு பலூன் உடைந்தாலே நடுங்குகிற அம்மா, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, உதடுகளால் எண்ணிக்கொண்டு, அந்தப் பாட்டு முடியும்வரை நிமிர்ந்து நின்றார். அன்றுவரை நான் பார்த்த எதையும்விடப் பெரியதாக இருந்தது அது.

திரும்பி நடக்கும்போது தானாகவே சொன்னார்: "ஊரிலையும் நாங்கள் எண்ணுவம். அவங்கள் ஷெல்லைக் குத்தி அனுப்புற சத்தம் கேட்டால், எங்கை விழப்போகுதோ எண்டு எண்ணுவம். இஞ்சை எண்ணினால், விழுகிற இடம் முதலே தெரியுது."

அவர்கள் யாரென்று வளர்ந்த பிறகுதான் தேடிப் படித்தேன். நிலக்கரி தோண்டிய ஊர் ஒன்றில் பிறந்த இரண்டு இளைஞர்கள், கிற்றாரும் வேண்டாம், ஆங்கிலப் பாட்டும் வேண்டாம் என்று விட்டு, இயந்திரத்தையும் மனித வியர்வையையும் ஒரே தாளத்தில் பூட்டியிருக்கிறார்கள். காதைவிட உடம்பு கேட்பதற்கான அந்த மின்னிசை பிறகு எத்தனையோ நகரங்களின் நடன மண்டபங்களுக்கு அத்திவாரமாகியிருக்கிறது. புகழின் உச்சியில் சண்டை பிடித்துப் பிரிந்து, ஒருவர் லொறி ஓட்ட, மற்றவர் பிள்ளைகளுக்கு டிரம் பழக்க, பல வருடங்கள் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். பாடுறவர் கிழிந்த சட்டையோடு எங்களிடம் வந்தது, மீண்டும் சேர்ந்த பிறகு அவர்கள் செய்த முதற்பயணத்தில்.

அதன்பின் அம்மா வாணவேடிக்கைக்குப் பயப்படவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை, குளியலறைக் கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் அவர்கள் பாரிசுக்கு வந்த ஒவ்வொரு முறையும் கடைக்கு இரண்டு டிக்கெட் வந்தது. கறுப்புடை அணிந்த கூட்டத்தின் ஓரத்தில், குளிர்கோட்டுக்குள் சேலையோடு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அம்மா நிற்பார். சுவரொட்டியைக் கண்டால் "எங்கட ஆக்கள் வரப்போகினம்" என்பார்.

அந்த மண்டபத்தை இடித்து இப்போது வீடுகள் கட்டிவிட்டார்கள். சேலைக்கடை இருந்த இடத்தில் தொலைபேசிக் கடை. நாங்கள் பாரிசின் புறநகரான வில்லியே லே பெல்லுக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. போன மாதம் சமையலறையில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, அந்த இருவரில் ஒருவர் இறந்துவிட்டார் என்று கைபேசியில் வந்த செய்தியை வாசித்துச் சொன்னேன்.

"ஆர், பாடுறவரோ, அடிக்கிறவரோ?"

"அடிக்கிறவர், அம்மா. மற்றவர் இனிப் பாடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டாராம்."

அம்மா கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். பிறகு பாடுறவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். என்ன எழுத என்று கேட்டேன்.

"லா சப்பலிலை தைச்சுக் குடுத்த ஆக்கள் எண்டு எழுது. உங்கட சிநேகிதர் நல்ல மனுசன், நான் பயந்ததைக் கண்டவுடனை நிப்பாட்டினவர் எண்டு எழுது."