மேட்டில் ஏறும்போது வரும் சத்தம்

நஸ்ரீன் போன் செய்தபோது நான் ஒரகடத்தில் கம்பெனிச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றிருந்தேன். "அண்ணே, அம்மா மௌத்தாயிட்டாங்க. காலையில துணி எடுக்க மாடி ஏறுனாங்க. அவ்ளோதான்" என்றாள். ரஹ்மத் அக்காவின் ஒரே மகள் அவள். நான் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இன்னும் எடுக்கப்படாமல் கிடந்தன. உட்கார்ந்திருந்தவர்கள் ஆளாளுக்கு ஒன்றையே சொன்னார்கள்: "யார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாங்களே."

எனக்கு எரிச்சல் வந்தது. இன்னும் அடங்கவில்லை. ரஹ்மத் அக்காவை அறிந்த நீங்களே சொல்லுங்கள், அவர் எதையாவது சொல்லாமல் விட்டிருக்கிறாரா? ரேஷன் கடைத் தராசைப் பற்றிச் சொன்னார். தெருக் குழாயில் வந்த புழுவைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய் நகராட்சி ஆபீஸ் மேசையில் வைத்துச் சொன்னார். அவர் சொல்லாத நாள் கிடையாது. நாம்தான் கேட்டதில்லை.

தெரியாதவர்களுக்காக ஒன்று. கணவர் இறந்தபின் அவருடைய பழைய நூறு சிசி மோட்டார் சைக்கிளை அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டார். நைட்டி, உள்பாவாடை, குழந்தைச் சட்டை எல்லாவற்றையும் மூட்டையாகப் பின்சீட்டில் கட்டி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் போவார். வெள்ளிமலைக்கு அப்பால் பஸ் எட்டாத ஊர்கள்தான் அவருடைய கடைத்தெரு. "ஸ்கூட்டி வாங்கிக்கயேன், பாக்க நல்லாருக்கும்" என்று தெருவில் சிலர் புத்தி சொன்னார்கள். "மூட்டைய உன் தலையில வச்சினு நீ பின்னாடியே ஓடி வரியா?" என்று கேட்டார் அக்கா. அந்த வண்டி மலை ஏறாவிட்டால் அவருக்கு வியாபாரம் கிடையாது, நஸ்ரீனுக்குப் படிப்பும் கிடையாது.

அந்த வண்டியில்தான் சத்தம் வர ஆரம்பித்தது. அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு சேலம் சாலையில் ஒரு மெக்கானிக்கிடம் போனார். பக்கத்து வீட்டுக்காரன், ஐடிஐ முடித்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார். மெக்கானிக் அவரைப் பார்க்கவே இல்லை.

"இன்னா தம்பி ப்ராப்ளம்?"

"அவன்கிட்ட ஏன் கேக்கற? ஓட்டறது நானு" என்றார் அக்கா. "மேட்டுல ஏறும்போது மட்டும் தட்டு தட்டுன்னு சத்தம் வருது. லோடு இருந்தாதான். வலது கால்ல தெரியுது."

மெக்கானிக் பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தான். அங்கே எந்த மேடும் இல்லை. பின்சீட்டில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. "ஒண்ணுமில்ல தம்பி. லேடீஸ் ஓட்டனா கிளட்ச அமுக்கிக்கினே ஓட்டுவாங்க, அதான்" என்றான், என்னிடம்.

"கால்ல வருதுன்றன், இவன் கைய சொல்றான்" என்று அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பாதி வழியில் நின்று என்னைப் பார்த்தார். "டேய் சர்டிபிகேட்டு, நீதான் ரெண்டு வருஷம் படிச்சியே. வூட்டுலயே பிரிச்சிப் பாரு."

அதைக் கேட்டு எனக்குள் ஏறிய பெருமையை நினைத்தால் இப்போது கூசுகிறது. இரண்டு வருடம் நான் படித்தது என்ன? பாதியாக அறுத்து சிவப்பும் நீலமும் அடித்து வைத்திருந்த ஓர் இன்ஜினைச் சுற்றி நாற்பது பேர் நின்று பார்த்தோம். அது ஒருநாளும் ஓடியதில்லை. ஓடாத இன்ஜினில் சத்தம் பற்றி என்ன கற்க முடியும்? பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன்: தட்டும் சத்தம் வந்தால் பிஸ்டன். சர்க்கார் சீல் வைத்துக் கொடுத்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அவ்வளவு போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டு முன்னறையில், கறைபட்டு விற்காமல்போன பூப்போட்ட நைட்டி ஒன்றை விரித்து வேலையை ஆரம்பித்தேன். முதலில் வண்டியைக் கிளப்பி, ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். யாரோ செய்யப் பார்த்திருந்தேன். ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதுபோலத் தலையாட்டினேன்.

"பிஸ்டன்தான்கா."

"கால்ல வருதுன்றன்டா."

"மேல வர்ற சத்தம் கீழ எறங்கித் தெரியும்கா. உனக்குப் புரியாது."

உனக்குப் புரியாது என்று நானே சொன்னேன். ஹெட்டைக் கழற்றினேன், பிளாக்கை உருவினேன். பிஸ்டன் நன்றாக இருந்தது. பிளாக்குக்கு அடியில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் பேக்கிங் தாள் மட்டும் என் கையில் இரண்டாகக் கிழிந்தது. ஊரில் அந்த அளவு கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க அக்கா மூட்டையோடு பஸ்ஸில் போனார். வெள்ளிமலையில் இறங்கி, அதற்கு மேல் மூட்டையைத் தலையில் வைத்து நடந்தார். பாதி ஊருக்குத்தான் போக முடிந்தது. சாயங்காலம் வீங்கிய காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு, "அந்த சர்டிபிகேட்ட எடுத்துக்கினு வாடா. நாளைக்கு அதுமேல ஏறி மலைக்குப் போறன்" என்றார்.

பேக்கிங் வந்தது, பூட்டினேன். வாசலில் வண்டி பூனைபோல நின்று ஓடியது. சத்தம் போய்விட்டது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். மறுநாள் மலையிலிருந்து திரும்பிய அக்கா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "உன் வெயிட்டு எவ்ளோ?" என்றார்.

"அம்பத்திரண்டு."

"மூட்டை நாப்பத்தஞ்சு. ஏழு கிலோ ஜாஸ்தி. பரவால்ல, ஏறி உக்காரு. மூட்டை மாதிரி உக்காரணும். மூட்டை பேசாது."

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஆரம்பிக்கும்வரை ஒன்றுமில்லை. மூன்றாவது வளைவில் இரண்டாம் கியருக்கு மாற்றியதும் வந்தது. தட், தட், தட். "இப்ப கால நீட்டி என் கால் பக்கத்துல வை" என்று கத்தினார் அக்கா. முன் ஃபுட்ரெஸ்டில் என் வலது காலை வைத்தேன். யாரோ கீழிருந்து சுத்தியால் உள்ளங்காலில் அடிப்பதுபோல இருந்தது. அவர் முதல்நாள் சொன்னதேதான், ஒரு சொல்கூட மாறவில்லை.

ஓரமாக நிறுத்தினோம். அக்கா பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விட்டார். நான் குனிந்து பார்த்தேன். இன்ஜின் ஒரு பக்கம் எழுந்து, சட்டத்தில் இடித்து, உட்கார்ந்தது. இன்ஜினைச் சட்டத்தோடு பிடிக்கும் பவுண்டேஷன் போல்ட். வெளியே சேறும் துருவும் பிடித்து இறுக்கமாகத் தெரிந்த அது, வீட்டுக்கு வந்து கழற்றியபோது நடுவில் கரும்புச் சக்கைபோலத் தேய்ந்திருந்தது. சமதரையில் இன்ஜின் இழுக்காது, அதனால் அசையாது. பாரத்தோடு மேடு ஏறினால் மட்டும் அசையும். புதுப் போல்ட்டைப் போட அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அக்கா என்னைப் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை. "மொத நாளு நான் இன்னா சொன்னன்? சொல்லு" என்றார்.

"மேட்டுல ஏறும்போது, கால்ல."

"ம். சத்தம் இன்னான்னு கேக்காத. எப்ப வருதுன்னு கேளு. ஓட்டறவங்கள கேளு."

அதன்பிறகு எனக்கு ஒரகடத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. இரண்டு வருடப் படிப்புக்கு, நாளெல்லாம் ஒரே இடத்தில் ஒரே நான்கு ஸ்க்ரூவை முடுக்குகிறேன். பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் மாடியிலிருந்து துணிகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டேய், கொஞ்ச நாளா மாடி ஏறினா இங்க நெஞ்சுல புடிக்குது. தாடை வரைக்கும் இழுக்குது. நின்னா வுட்டுடுது."

"ஆஸ்பத்திரிக்குப் போனியாக்கா?"

"போனன். ஒயரெல்லாம் ஒட்டிப் பாத்தாங்க. ஒண்ணுமில்ல, கேஸுன்னு மாத்திர குடுத்தாங்க."

"அப்ப கேஸ்தான்கா. நேரத்துக்கு சாப்பிடு."

"படுக்க வச்சிதானடா பாத்தாங்க" என்றார் அக்கா. "படுத்தா எனக்கு வலிக்கவே வலிக்காதே."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போனில் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது, சிரித்தேன் என்று நினைக்கிறேன். அக்கா சற்று நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு இன்னொரு மூட்டைக்காக மேலே ஏறினார்.

அந்த மெக்கானிக் பஸ் ஸ்டாண்டு வரைக்குமாவது போய்வந்தான். ஆஸ்பத்திரியில் ஒயராவது ஒட்டினார்கள். மலை ஏறிக் காலால் கேட்டுத் தெரிந்துகொண்ட நான், ஒரு மாடிப்படி அவரோடு ஏறவில்லை.

கடைத்தெரு வியாபாரிகள் போஸ்டர் அடிக்கிறார்களாம். வீரப் பெண்மணி, தன்னம்பிக்கையின் அடையாளம் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். நன்றாகப் பழகியவன் என்பதால் என்னிடமும் ஒரு வரி கேட்டார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான்: "படுத்தா எனக்கு வலிக்கவே வலிக்காதே." சொன்னேன். அதை எப்படிப்பா போடுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போட வேண்டாம். அது எனக்குச் சொன்னது. நானே வைத்துக்கொள்கிறேன்.